இலக்கு ரைஃபிளின் பேரலைச் சுத்தம் செய்வது: கழற்றும் போல்ட் முதல் அடுத்த தோட்டா வரை

சுட்டுச் சுட்டுத் தேய்ந்த .22 பேரலை நான் பார்த்தது மிகக் குறைவு. துடைக்கிறேன் என்று துடைத்தே கெடுத்த பேரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈயக் குண்டு எஃகை விட எவ்வளவோ மென்மையானது. சுத்தம் செய்யக் கோணலாக நுழையும் ராடும் (நீண்ட கம்பி), அதில் ஒட்டியிருக்கும் மணல் துகளும் அப்படியல்ல.

இந்த வழிகாட்டி 50 மீட்டர் போட்டிகளில் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான, போல்ட் (பின்னால் கையால் இழுத்து மூடும் தாழ்) வகைத் துப்பாக்கிக்கானது. அந்த இலக்கில் பத்தின் வளையம் 10.4 மி.மீ. அகலம்தான். குண்டே ஏறக்குறைய 5.6 மி.மீ. இருக்கிறது. பேரலுக்குள் நேரும் சிறு மாற்றமும் அட்டையில் தெரிந்துவிடும். சென்டர்ஃபயர் (நடுவில் அடித்தால் வெடிக்கும் தோட்டா வகை), ஏர் ரைஃபிள் இரண்டுக்கும் எங்கே வழி மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1. துப்பாக்கி காலியா என்று பாருங்கள், பிறகு விரலால் பாருங்கள்

மேகசின் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். மங்கலான வெளிச்சத்தில் தோட்டாவின் பின்பக்கமும் வெறும் சேம்பரும் ஒன்றுபோலத் தோன்றும். விரல் ஏமாறாது.

அடுத்து போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். துப்பாக்கி சுட முடியாத நிலைக்கு வருகிறது, ராடு பின்பக்கமிருந்து நேராக நுழையவும் வழி கிடைக்கிறது. தோட்டாப் பெட்டிகள் அந்த மேசையில் இருக்கவே கூடாது. வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள்.

2. மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்

பாதி வேலையில் எழுந்து போய் எதையாவது தேடினால் வரிசை குலையும். ஆகவே எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

ராடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். மேலே பூச்சு உள்ள எஃகு, அல்லது கார்பன் ஃபைபர். மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடு வேண்டாம். இணைப்பு இருக்கும் இடம் வளையும், அதன் விளிம்பு உட்சுவரை உரசும். அலுமினியம் மென்மையானதால் துகள்கள் அதில் பதிந்துகொள்ளும். பிறகு அது ராடு அல்ல, அரம். கைப்பிடி பேரிங்கில் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரிகள் திரும்பும் போக்கில் துணியும் திரும்பியாக வேண்டும். பெரும்பாலான .22 பேரல்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கைப்பிடி சுழலாவிட்டால் துணி வரிகளின் மேல் வழுக்கிப் போகும், பள்ளங்களுக்குள் இறங்காது.

போர் கைடு என்பது போல்ட் இருந்த இடத்தில் நுழைக்கும் குழாய். ராட்டை நடுவில் பிடித்து வைப்பதும், சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) ட்ரிகர் பக்கம் ஒழுகாமல் தடுப்பதும் அதன் வேலை. பட்டியலில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நல்ல பிரஷை விட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்பேன். உங்கள் ரைஃபிளின் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தளர்வாக ஆடும் கைடு இருந்தும் பயனில்லை.

இவற்றோடு .22 அளவு ஜாக் (ராட்டின் நுனியில் துணியைக் குத்திப் பிடிக்கும் முனை), அதற்கேற்ற பருத்தித் துணித் துண்டுகள் அல்லது ஃபெல்ட் உருளைகள், ஒரு வெண்கல பிரஷ், ஒரு நைலான் பிரஷ், ஈயத்துக்கும் கரிக்கும் உரிய சால்வென்ட், நல்ல துப்பாக்கி எண்ணெய், சொட்டு ஊற்றும் குப்பி, நைட்ரைல் கையுறை, பழைய பனியன் துணி.

கையுறையைத் தட்டிக்கழிக்காதீர்கள். குண்டில் ஈயம், .22 போல விளிம்பில் அடித்தால் வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டாக்களின் ப்ரைமரிலும் (பற்றவைக்கும் கலவை) பெரும்பாலும் ஈயச் சேர்மம். கரியோடு கலந்து வருவது இதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

3. ரைஃபிளை நிறுத்தும் கோணம்

தாங்கியில் வைத்து, முன்வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். பேரலுக்குள் போகும் திரவம் முன்பக்கமாக வழிந்து வெளியேற வேண்டும். பின்பக்கம் வழிந்தால் முதலில் ட்ரிகரில் இறங்கும், அங்கே பிசினாகி ட்ரிகரின் இழுவையை மாற்றும். அதையும் தாண்டினால், தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக்குக்கும், போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனுக்கும் நடுவில் தேங்கி, இரண்டும் பொருந்தி உட்காரும் இடமான பெட்டிங்கை ஊறவைக்கும்.

முன்வாயை மேலே தூக்கி வைத்துச் சுத்தம் செய்தவர் ஒருவர், ஒரு மாதம் தன் ட்ரிகரைத் திருகித் திருகிச் சரிசெய்து பார்த்தார். கோளாறு திருகில் இல்லை. உள்ளே காய்ந்திருந்த எண்ணெய்தான்.

முன்வாயில் நீட்டிப்புக் குழாயோ ட்யூனரோ (பேரலின் அதிர்வைச் சரிசெய்யும் எடை) பொருத்தியிருந்தால், அது நிற்கும் எண்ணைக் குறித்துவைத்துவிட்டுக் கழற்றுங்கள். அது இருக்கும்வரை ராடு வெளிவரும் இடம் கண்ணுக்குத் தெரியாது, அழுக்குத் துணியையும் எடுக்க முடியாது. கழற்றிய குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். பல மாதக் கரி அங்கே படிந்திருக்கும்.

4. முதலில் ஈரத்துணி, பிரஷ் அல்ல

புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான்: எடுத்த எடுப்பில் பிரஷை விடுவது. பேரலுக்குள் அப்போது தளர்வான கரி, மெழுகு, எரியாத வெடிமருந்துத் துகள் எல்லாம் கிடக்கின்றன. அதோடு கண்ணாடித் தூளும். ரிம்ஃபயர் ப்ரைமர்களில் உராய்வுக்காகப் பொடித்த கண்ணாடி சேர்ப்பது வழக்கம். பிரஷ் இவை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு பேரல் நெடுகத் தேய்க்கும்.

ஆகவே சால்வென்ட் நனைத்த துணியை ஜாக்கில் குத்தி, கைடு வழியாக நுழைத்து, ஒரே சீராக முன்வாய் வரை தள்ளுங்கள். துணி வெளியே வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். வெறும் ஜாக்கை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ராட்டைத் துடையுங்கள். அடுத்த துணி. இப்படி இரண்டு அல்லது மூன்று போதும்.

பின்னிருந்து முன்னே, ஒரே திசை. அழுக்கு, குண்டு போகும் வழியிலேயே வெளியேற வேண்டும். துணியைத் திரும்ப இழுத்தால் வெளியே போக வேண்டியதைச் சேம்பருக்கே கொண்டுவந்து சேர்ப்பீர்கள்.

துணியின் அளவு கைக்குத் தெரியும். சற்று எதிர்ப்போடு வழுக்கிப் போனால் சரி. தோளால் முட்டித் தள்ள வேண்டியிருந்தால் துணி பெரிது. அப்போது ராடு வில்லாக வளையும், வளைந்த வயிறு சுருள்வரிகளின் முகடுகளில் உரசும். துணியைக் கத்தரித்துச் சிறிதாக்குங்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். வந்த வழியே இழுத்து எடுங்கள். ‘ஒரே திசை’ என்ற விதிக்கு விலக்கு இந்த ஒரு நேரத்துக்குத்தான்.

5. காத்திருங்கள்

தளர்ந்த அழுக்கு போன பின், சால்வென்ட் நிறைந்த புதிய துணி ஒன்றை விட்டு உட்சுவர் முழுக்க ஈரமாக்கி, பத்து நிமிடம் விடுங்கள். குப்பியில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. அழுக்கைக் கரைக்க வேண்டியது திரவம், உங்கள் கையின் வலு அல்ல. இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்குகிறவர்கள்தான் பிறகு நாற்பது முறை பிரஷ் போடுகிறார்கள்.

அந்த நேரத்தில் போல்ட்டின் முகப்பையும், தோட்டாக் கூட்டை இழுக்கும் கொக்கியின் அடியையும் துடைத்துவிடலாம். கொக்கிக்கு அடியில் மெழுகும் கரியும் இறுகினால் காலிக் கூடு சரியாக வெளிவராது.

6. பிரஷ் எப்போது, எப்படி

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பிரஷ் தேவையில்லை. நான் ஐந்நூறு குண்டுகளுக்கு ஒருமுறை போடுகிறேன். நடுவில் துணி மட்டும்தான். ஈயம் ஒட்டியிருப்பது தெரிந்தால், அதாவது வெளிவரும் துணியில் சாம்பல்நிறச் செதில்கள் மின்னினால், முன்னதாகவே போடலாம்.

பிரஷ் மேல் சொட்டுக் குப்பியால் சால்வென்ட் விடுங்கள். பிரஷைக் குப்பிக்குள் முக்காதீர்கள். முக்கினால் அடுத்த முறை நீங்கள் பேரலுக்குள் விடுவது பழைய அழுக்கைத்தான்.

பிரஷ் முன்வாயைத் தாண்டி முழுவதும் வெளியே வரும்வரை நிற்காமல் தள்ளுங்கள். பாதியில் திசை மாற்றினால் கம்பிகள் மடங்கி பிரஷ் சிக்கும். வெளியே வந்த பிரஷைத் திருகிக் கழற்றிவிட்டு ராட்டை இழுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றுவது சலிப்பான வேலை என்பது எனக்கும் தெரியும். அனுபவசாலிகளில் பலர் அப்படியே பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். நான் கழற்றத்தான் சொல்வேன். வெளியே வந்த ராடு தன் எடையில் தாழ்ந்து நிற்கும். அப்படியே இழுத்தால் பிரஷின் கம்பித் தண்டு முன்வாயின் விளிம்பில், எப்போதும் அதே கீழ்ப்பக்கத்தில் உரசும். ஆறு முதல் எட்டு முறை தள்ளினால் போதும்.

பிறகு இரண்டு ஈரத்துணி. பிரஷ் கிளப்பிவிட்ட அழுக்கு அதில் வந்துவிடும். பிரஷையும் அலசி உலர்த்துங்கள்.

7. சேம்பருக்கு முன்னால் படியும் கரிவளையம்

குறி தவறிய குண்டுகளுக்குக் காரணம் தேடுகிறவர்கள் கடைசியாகப் பார்க்கும் இடம் இது. முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். தோட்டாக் கூட்டின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், சுருள்வரிகள் தொடங்கும் பகுதியில், கரி வளையமாக இறுகும். குண்டு வரிகளுக்குள் நுழையும் வாசல் இது. வாசலில் ஒரு பக்கம் மேடாக இருந்தால் குண்டு நேராக நுழையாது. கனமான மிச்சமெல்லாம் கீழே தங்குவதால் ஆறு மணி நிலையில் படிவு கூடுதலாக இருக்கும்.

அறிகுறிகள்: போல்ட்டை மூடும்போது வழக்கத்தை விடக் கை கனக்கும். நல்ல குழுவாக விழும் குண்டுகளுக்கு நடுவே காரணமில்லாமல் ஒன்று விலகும். அந்த ஒன்றுக்கு உங்கள் மூச்சையும் விரலையும் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். போர்ஸ்கோப் இரவல் கிடைத்தால் உள்ளே பாருங்கள். ஐயம் தீர்ந்துவிடும்.

சாதாரணத் துணி இதன் மேல் வழுக்கிப் போய்விடும். சால்வென்ட் நனைத்த ஃபெல்ட்டைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்திக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு குட்டை ராட்டில் நைலான் பிரஷை மாட்டி, பின்பக்கமிருந்து விட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் மெதுவாகச் சுழற்றுங்கள். சுழற்றலாம் என்று நான் சொல்வது இங்கே மட்டும். வரிகளுக்கு நடுவே சுழற்றக் கூடாது. போகவில்லையென்றால் மறுபடி ஊறவையுங்கள். கூரான எதையும் விட்டுச் சுரண்டாதீர்கள். தேய்க்கும் பேஸ்ட்டைத் துப்பாக்கி மெக்கானிக்கின் கைக்கு விட்டுவிடுங்கள். அவர் பார்த்துக்கொண்டே செய்வார், நாம் ஊகித்துக்கொண்டு செய்வோம்.

8. ‘துணி வெள்ளையாக வரும்வரை’ என்ற பொறி

வெள்ளையாக வராது. வரவும் தேவையில்லை. சால்வென்ட் ஒவ்வொரு முறையும் எதையாவது மங்கலாகக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். கருமை போய் வெளிர்சாம்பல் வந்தால் நிறுத்துங்கள்.

துணியில் நீலப்பச்சை தெரிகிறது, பேரலில் செம்பு இருக்கிறது என்று ஒரு மாணவர் மாலை முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சுட்டது செம்புப் பூச்சு எதுவும் இல்லாத ஈயக் குண்டு. பேரலில் செம்பு எங்கிருந்து வரும்? நீலம் வந்தது பித்தளை ஜாக்கிலிருந்து. துடைக்கத் துடைக்க ஜாக்தான் கரைந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் அல்லது நிக்கல் பூசிய ஜாக் மாட்டினால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஈயத்தைக் கரைக்க வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றச் சொல்வார்கள். ஈயம் கரைவது உண்மைதான். ஆனால் கரைந்து ஈய அசிட்டேட் ஆகிறது, அது நஞ்சு. அந்தக் கலவை எஃகையும் அரிக்கும். செய்யாதீர்கள்.

9. உலர்த்துங்கள், பிறகு முன்வாய்

உலர்ந்த துணி மூன்று, ஒவ்வொன்றாக. சால்வென்ட் உள்ளே தங்கக் கூடாது. கைடை வெளியே எடுத்து, சேம்பரைத் தனியாகத் துடையுங்கள். கைடு மறைத்திருந்த இடம் அது, பலர் மறந்துவிடுவார்கள்.

முன்வாயின் விளிம்பைக் க்ரவுன் என்பார்கள். குண்டு பேரலைக் கடைசியாகத் தொடும் இடம். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தாலும் குண்டின் பின்னாலிருந்து வாயு சமமாகப் பிரியாது, குண்டு சாயும். துடைக்கும் முன் கரியும் மெழுகும் அங்கே வரைந்திருக்கும் கோலத்தை ஒரு நிமிடம் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தால் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சால்வென்ட் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள். உலோகம் எதுவும் அதைத் தொட வேண்டாம்.

10. எண்ணெய், அதுவும் மிகக் குறைவாக

மறுநாளே சுடப் போகிறீர்கள் என்றால் உள்ளே எண்ணெய் வேண்டாம். சில நாள் வைக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு சொட்டு விட்ட துணி ஒருமுறை, அதன் பின்னால் உலர்துணி ஒருமுறை. படலம் மட்டும் மிஞ்ச வேண்டும். ஸ்டெயின்லெஸ் பேரல் துருப்பிடிக்காது என்று நினைக்காதீர்கள். மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவே.

குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்த ரைஃபிளை உடனே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். குளிர்ந்த எஃகின் மேல் காற்றின் ஈரம் பனித்துப் படியும். பெட்டி அறையின் சூட்டுக்கு வந்த பின் திறவுங்கள். அதே போல, ஈரத்தோடு பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. பெட்டியின் நுரை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவுங்கள். அழுக்குத் துணிகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், சால்வென்ட் தீப்பிடிக்கும்.

11. அடுத்த முறை சுடும் முன்

முதல் வேலை: உலர்துணி ஒன்றை பேரலில் விட்டு எண்ணெயை எடுங்கள். சேம்பரையும் துடையுங்கள். தேங்கிய எண்ணெய் குண்டின் வழியை மறிக்கும், அழுத்தத்தை ஏற்றும். அப்படியே பேரல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள், மறந்துபோன துணி உள்ளே சிக்கியிருக்கலாம்.

சுத்தமான பேரலில் முதல் குண்டுகள் தம் குழுவில் விழாது. .22 தோட்டாவின் குண்டு மேல் மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு இருக்கிறது. அது உட்சுவரில் சீராகப் படிந்த பின்புதான் ஒவ்வொரு குண்டும் முந்தியதைப் போலவே போகும். என் ரைஃபிளுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வேண்டியிருக்கிறது. உங்களுடையதற்கு எத்தனை என்பதை அட்டையில் சுட்டு எண்ணிக்கொள்ளுங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலும் இதே கணக்குத்தான். பூச்சு வேறு, படிவும் வேறு.

ஆகவே போட்டிக்கு முந்தின இரவு முழுச் சுத்தம் செய்து, காலையில் நேராகப் போய் நிற்காதீர்கள். சுத்தத்தை இரண்டு பயிற்சி முன்பே முடித்துவிடுங்கள்.

12. சென்டர்ஃபயரிலும் ஏர் ரைஃபிளிலும் மாறுபவை

சென்டர்ஃபயர் குண்டுக்குச் செம்புக் கலவை உறை இருப்பதால் பேரலில் செம்பு படியும். அம்மோனியா கலந்த சால்வென்ட் அதைக் கரைக்கும், நீலமாக வெளிவரும். நைலான் பிரஷ்தான் போட வேண்டும், வெண்கலத்தை அந்தச் சால்வென்ட் தின்றுவிடும். குப்பியில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடாதீர்கள், இரவு முழுக்க ஊறவிட்டால் எஃகில் குழி விழலாம். முதலில் கரி, பிறகு செம்பு. கரிப்படலம் மேலே இருந்தால் திரவம் செம்பைத் தொடாது. இரண்டு சால்வென்ட்களைக் கலக்கவும் கூடாது. பழைய ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமர் சில உப்பை விட்டுச்செல்லும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்றே தண்ணீர்த் துணி விட்டு, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும்.

4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே இல்லை, எரிந்த கரியும் இல்லை. சால்வென்ட் வேண்டாம், அது ரப்பர் சீல்களைக் கெடுக்கும். ஸ்பிரிங் வகையில் எண்ணெய் அழுத்த அறைக்குள் போனால் அழுத்தத்தின் சூட்டில் பற்றிக்கொள்ளும். கயிற்றில் கட்டிய உலர்ந்த ஃபெல்ட்டைப் பின்னாலிருந்து முன்னே நேராக இழுத்தால் போதும். கயிறு முன்வாயில் சாய்ந்து உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. ஒரு நோட்டுப் புத்தகம்

தேதி, சுட்ட குண்டுகள், தோட்டாவின் லாட் எண், எந்த வகைச் சுத்தம், அதன் பிறகு எத்தனையாவது குண்டில் குழு சேர்ந்தது. இந்த ஐந்தும் ஒரே வரியில் அடங்கும். மூவாயிரம் குண்டு போன பின் நோட்டைப் புரட்டினால், உங்கள் பேரல் எத்தனை குண்டுக்குப் பிறகு சோர்கிறது என்று எண்ணாகவே தெரியும். பிரஷ் போடும் இடைவெளியை அந்த எண்ணுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன ஐந்நூறு என் பேரலின் எண். உங்கள் எண் முந்நூறாகவும் இருக்கலாம், எண்ணூறாகவும் இருக்கலாம்.